கூத்து வாத்தியார் கல்லூரிக்குள் வரட்டும்

ஆசிரியருக்கு,

ஓவியமோ சிற்பமோ படிக்க விரும்பும் எங்கள் தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகள் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளுக்கோ மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிக்கோ போக வேண்டியிருக்கிறது. விடுதிச் செலவை நினைத்தே பல வீடுகளில், அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, அந்தப் பேச்சே எழுவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரியில் தொழிற்பயிற்சி தரும் சமுதாயக் கல்லூரி வழியாக ஓவியம், அனிமேஷன், நிகழ்த்துகலைக்கு ஓராண்டு டிப்ளமா தொடங்கலாம். அரிதாரம் பூசுவது முதல் மத்தளம், முகவீணை என்னும் ஊதுகருவி வரை சொல்லித்தரத் தெருக்கூத்து வாத்தியார்கள் இங்கேயே இருக்கிறார்கள். அவர்களிடம் பட்டம் கேட்காதீர்கள். கௌரவமான ஊதியம் கொடுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடிப் பாறை ஓவியங்களையும் ஊர்ப்புற நடுகற்களையும் மாணவர்கள் நேரில் பார்த்து வரையலாம், கணினியில் ஆவணப்படுத்தலாம். அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கைக்கு முன்பே உயர்கல்வித் துறை இதை அறிவிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்