மணற்காட்டு உறவுகளுக்கு நன்றி

வடமராட்சி மணற்காட்டிலும் அயலிலும் உள்ள அன்பு உறவுகளுக்கு,

சின்னவன் நலமாக இருக்கிறான். காலில் முள் கீறிய காயங்கள் காய்ந்து வருகின்றன. இராவணன் மீசை என்கிற கடற்கரைப் புல்லின் முள்ளுப் பந்து காற்றில் எப்படி உருண்டோடியது என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் முற்றத்தில் ஓடிக் காட்டுகிறான். அந்தப் பந்தின் பின்னால் ஓடி அவன் கரையில் காணாமல் போனதும், நீங்கள் எல்லோரும் சேர்ந்து தேடியதும் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் எங்கள் ஊர்களில் யாரும் விளக்கம் கேட்டு நிற்பதில்லை. ஏன் என்று சொல்லத் தேவையில்லை. சோளகக் காற்று கடலை நோக்கி அடித்ததால் பாதிப் பேர் நேரே கரைக்கு ஓடினீர்கள். மற்றவர்கள் சவுக்கங்காட்டுக்குள் இறங்கினீர்கள். மணலில் பதிந்த அடிகளைக் காற்று அப்போதே மூடிவிடும். சவுக்கு வரிசைகளோ எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கும். மணலில் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் கோவிலிலிருந்து ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து தேடியவர்கள், மோட்டார் சைக்கிளில் வல்லிபுரம் வரை போய்ப் பார்த்த பெடியன்கள், கோவில் மணியை விடாமல் அடித்தவர், பருத்தித்துறையில் அவன் காலைக் கழுவி மருந்து கட்டிய தாதி, கனடாவிலும் பிரான்சிலும் நித்திரை கொள்ளாமல் இருந்த சொந்தங்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பள்ளியில் எழுதிப் பழகியது, அந்தக் கொடி படர்ந்த மணலில் நின்றபோதுதான் விளங்கியது.

ஆனாலும் நான் எழுத உட்கார்ந்தது மீனவர் வாடியடியில் வலை தைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்காக.

ஊரே சின்னவனைத் தேடியது. மூத்தவளை யாரும் பார்க்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்து நடந்தவள் அவள். அழவும் இல்லை, பேசவும் இல்லை. ஒரு வள்ளத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றாளாம். அந்த அம்மா அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, “எனக்குக் கண் மங்கல் பிள்ளை, இந்த ஊசிக்கு நூல் சுற்றித் தா” என்று வலையூசியைக் கொடுத்திருக்கிறார். ஊசியின் நடுவில் இருக்கும் நாக்கில் நூலை மாட்டி, அடியால் எடுத்து, ஊசியைப் புரட்டி, மறுபக்கமும் அப்படியே. நூல் தளர்ந்தால் அவிழ்த்து முதலிலிருந்து சுற்றச் சொன்னாராம். “நான்தான் கையை விட்டேன்” என்று இவள் கடைசியில் வாய் திறந்தபோது, “காற்றடிக்கிற கரையில் யார் கையும் நழுவும், நீ நூலை இறுக்கிப் பிடி” என்றாராம்.

சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் திரும்பி வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அந்த அம்மாவோ விளக்கும் இல்லாமல் கண்ணிக்குக் கண்ணி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கண் மங்கலாம்!

பெயரைக் கேட்கக்கூட அப்போது எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. இனி எந்தக் கலவரத்திலும், அது செத்தவீடாக இருந்தாலும் சரி, சுவரோடு ஒட்டி நிற்கிற பிள்ளையைத்தான் முதலில் தேடுவேன். வருகிற ஞாயிறு பிள்ளைகளோடு வாடிக்கு வருகிறோம். மூத்தவள் வலை தைக்கவும் பழக வேண்டுமாம்.

இன்னொன்று. பச்சை நிற டோர்ச் லைட் ஒன்று எங்கள் பையோடு வந்துவிட்டது. புது பட்டரி போட்டுக் கொண்டுவருகிறோம். உரியவர் கோவிலடியில் சொல்லிவையுங்கள்.

நெல்லியடியிலிருந்து,
இரு பிள்ளைகளின் தாய்