தம்பேதன்னைத் தேயிலைத் தோட்டத்து லயத்து அக்காவுக்கும் அப்புத்தளைக்கும்

வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்து நான்கு நாளாகிறது. அம்மாவுக்கு இருமல் மட்டும் மிச்சம். உங்கள் மலையில் நாங்கள் மாட்டிக்கொண்டு நின்ற அந்த இரவைப் பற்றித் திரும்பச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

மண்டபத்தைத் திறந்துவிட்ட கோயில்காரர்கள், காசு வாங்க மறுத்த பேக்கரி முதலாளி, ஓட்டோவைத் தள்ளிக்கொண்டே வந்த தம்பிமார், விடியும்வரை போனை வைக்காத மைத்துனர், எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி.

அக்கா, உங்களுக்கு மட்டும் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும். பெயரைப் போடவில்லை, கூச்சப்படுவீர்கள்.

அம்மா ஒற்றைச் செருப்போடு உங்கள் இஸ்தோப்பில், அந்த வாசல் திண்ணையில், நடுங்கிக்கொண்டு நின்றார். அடுப்புக்கு மேலே காய்ந்துகொண்டிருந்த, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை உருவி, அவரது கால் இரண்டையும் அதில் சுற்றி உங்கள் மடியில் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். மலைக்குக் கட்டிப்போக அந்த ஒரு படங்குதான் இருந்தது என்று பிறகு உங்கள் மகள் சொல்லித்தான் தெரியும். அப்புறம் பிளேன் டீ, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. அம்மாவுக்கு நீரிழிவு. ஆனால் சத்தமில்லாமல் நக்கிக் குடித்தார்.

நாங்கள் வந்தது லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையையும் 1931இல் கட்டிய அடிஷாம் பங்களாவையும் பார்க்க. அடிஷாமைப் பார்க்கவேயில்லை. பார்க்காமலே, நீங்கள் சொல்லக் கேட்ட காமன் கூத்துத்தான் மனதில் நிற்கிறது. மாசியில் கம்பம் ஊன்றுவது, சிவன் மன்மதனை எரிக்கும் இரவு, விடிய விடியத் தப்பு மேளம். உங்கள் தம்பி ரதி வேஷம் கட்டி ஒப்பாரி வைக்கும்போது சவுரி கழன்று விழுந்த கதைக்கு அம்மா சிரித்தார். நடுக்கத்தை மறக்கடிக்கத்தான் சொல்லியிருக்கிறீர்கள், இப்போதுதான் விளங்குகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மலையகத்தாரைக் குறிக்க எங்கள் வீட்டில் இழிவான ஒரு சொல் புழங்கும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வளர்ந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். அம்மாவும் சொல்வார், நானும் சொல்லியிருக்கிறேன். 2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டானதை நினைத்து, 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்தச் செய்தி வந்தபோது சேனலை மாற்றியவன் நான். இனி அந்தச் சொல் எங்கள் வாயில் வராது.

இன்னொன்று. அவசரத்தில் உங்கள் படங்கு எங்கள் பையோடு வந்துவிட்டது. மறுநாள் எதைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனீர்களோ! துவைத்து பால்கனியில் போட்டிருக்கிறேன், இந்தக் கடல் காற்றில் காய மாட்டேன் என்கிறது. மாசி வரை வைத்திருக்க மாட்டேன், இந்த மாதமே கொண்டுவருகிறேன். அம்மாவும் வருகிறாராம். புதுச் செருப்பு வாங்கியாயிற்று.