இடுப்பில் கட்டிய மணி

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொல்லலாம்தான், நீ ஆட்டோவில் போய்க்கொண்டே "ம்... சொல்லும்மா" என்பாய், பாதிதான் உன் காதில் விழும்.

ஞாயிற்றுக்கிழமை நெட்ஃபிளிக்ஸில் 'பிளாக்' படத்தை மறுபடி பார்த்தேன். 2005-இல் அது வந்தபோது நீ ஐந்தாம் வகுப்பு. கண் தெரியாத, காது கேட்காத மிஷெலுக்கு வாத்தியாராக அமிதாப் வந்த இடத்திலெல்லாம் நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். நீ போரடிக்கிறது என்று என் மடியிலேயே தூங்கிப்போனாய். அந்தச் சிம்லா பனியும் இருட்டும், நம்ம ரவி கே. சந்திரன் கேமரா, இன்றைக்கும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் இந்தத் தடவை நான் வாத்தியாரைப் பார்க்கவில்லை. மிஷெலின் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் வீட்டைச் சுற்றும் பிள்ளைக்கு இடுப்பில் மணி கட்டியிருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? பிள்ளை என்ன ஆடா மாடா என்று வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வரும். நியாயம்தான், அன்றைக்கு நானும் அவர் கட்சி. இப்போது உன் கொலுசு நினைவுக்கு வந்தது. முத்து நிறையப் போட்டுக் கேட்டு வாங்கினேன், அழகுக்கு இல்லை. அடுப்படியில் நிற்கிற எனக்கு நீ கிணற்றடிப் பக்கம் போகிறாயா என்று தெரியவேண்டும். சத்தம் நின்றால் வயிற்றைப் பிசையும், தோசை கருகினாலும் பரவாயில்லை என்று ஓடி வருவேன். எனக்கும் அந்த மணிக்காரிக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

வாத்தியார் அடிப்பதும் தரதரவென்று இழுப்பதும் இப்போது பிடிக்கவில்லை. நல்ல பாடத்துக்கு அடி எதற்கு? அமிதாப் செய்ததால் கை தட்டினோம் போல.

இதற்கெல்லாம் மூலம் ஹெலன் கெல்லர் என்று நீதானே சொன்னாய். கண்ணும் காதும் இல்லாத அந்த ஹெலனுக்குப் பாடம் சொல்ல ஆன் சல்லிவன் அந்த வீட்டுக்கு வந்தது 1887 மார்ச் 3. பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளை வழிக்கு வராது என்று தோட்டத்து வீட்டுக்குத் தனியாகக் கூட்டிப்போனாள். அப்பா அம்மா தினமும் வந்து பார்க்கலாம், பிள்ளைக்குத் தெரியக்கூடாது. அப்பா ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்பாராம். மகள் பாட்டுக்குப் பாசிமணி கோத்துக்கொண்டிருப்பாளாம். ஏப்ரல் 5-ஆம் தேதி பம்படியில் ஒரு கையில் தண்ணீர் விழ, மறு கையில் சல்லிவன் விரலால் போட்ட எழுத்து விழ, அந்தக் குழந்தைக்குப் புரிந்தது. அதை உலகமே கொண்டாடுகிறது. எட்டிப் பார்த்துவிட்டு, கூப்பிடாமல், தொடாமல் திரும்பிப் போனவர்களை யார் நினைக்கிறார்கள்? சல்லிவனுக்கு அப்போது வயது இருபது. உனக்கு முப்பது, உனக்காவது தெரியவேண்டாமா?

நீ பாடம் சொல்லித்தரும், கண்ணும் காதும் இல்லாத அந்தப் பையனின் அம்மாவைப் பற்றிப் போன வாரம் அலுத்துக்கொண்டாயே. "ஒரு வருஷமா கரண்டியைப் பிடிக்கப் பழக்குறேன், வீட்டுக்குப் போனதும் அந்தம்மா ஊட்டி விட்டுடுறாங்க, எல்லாம் பாழ்" என்று. உன் வருத்தம் புரிகிறது. ஆனால் கண்ணும் காதும் தீட்சண்யமாக இருந்த உனக்கே ஏழு வயது வரை நான்தான் ஊட்டினேன், உன் அப்பாவைக் கேள். அந்தப் பிள்ளைக்கு அம்மா என்றால் முகம் கிடையாது, குரல் கிடையாது. சோறு பிசைந்த அந்தக் கைதான் அம்மா. அதை எடுத்துக்கொள் என்றால் அவள் எதை வைத்துப் பிள்ளையிடம் பேசுவாள்? கரண்டியைக் கற்றுக்கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் நீ அவன் கையில் போடும் எழுத்துகளில் நாலைந்தை அவளுக்கும் கற்றுக்கொடு. "சோறு", "இன்னும்", "போதும்". ஊட்டும்போது அவளே போடட்டுமே.

முறுக்கு கடித்தால் தாடையில் அதிர்கிறது, அதில் அவன் சிரிக்கிறான் என்று சொன்னாய் இல்லையா. கூரியரில் இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறேன். பெரியது அவனுக்கு, நன்றாக முறுக விட்டது. சிறியதை அந்தம்மாவிடம் கொடு, என் பெயரைச் சொல்லி. உனக்கு இந்தத் தடவை இல்லை.

அம்மா