லூடரிட்ஸுக்கு ஓர் இரவு போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நமீபியாவின் கடற்கரை ஊரான லூடரிட்ஸ் பற்றி உங்கள் பயண இணைப்பில் வந்த கட்டுரையின் படங்கள் அருமை. ஆனால் அதில் சொன்னபடி மாலையில் போய்ச் சேர்ந்து, மறுநாள் பக்கத்தில் உள்ள கைவிடப்பட்ட ஊரான கோல்மன்ஸ்கோப்பைப் பார்த்துவிட்டு மதியமே கிளம்பினால் பாதி ஊரைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும். காரணம் காற்று.

பெங்குவெலா என்ற குளிர் நீரோட்டத்தால் அங்கே கடல் எப்போதும் சில்லிட்டிருக்கும். கரையை ஒட்டியே பாலைவனம். வெயில் ஏறித் தரை சுட ஆரம்பித்ததும் தெற்கிலிருந்து காற்று வலுக்கும். கோடை மாதங்களில் (அங்கே டிசம்பர், ஜனவரி வாக்கில்) பிற்பகலில் மணல் முகத்தில் ஊசி போலக் குத்தும். அதனால் படகுச் சவாரி காலை எட்டு மணி வாக்கில் கிளம்புகிறது. கோல்மன்ஸ்கோப்பை வழிகாட்டி சுற்றிக்காட்டுவதும் காலையில்தான், வழக்கமாக 9.30க்கும் 11க்கும் (ஞாயிறன்று நேரம் வேறு, முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்). சாதாரணச் சீட்டுக்காரர்கள் பகல் ஒரு மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். ஆக, இரண்டையும் ஒரே காலையில் அவசரமில்லாமல் பார்க்க முடியாது.

படகை முதல் காலைக்கு வைப்பதே புத்திசாலித்தனம். டயஸ் முனையைத் தாண்டி ஹாலிஃபாக்ஸ் தீவின் ஆப்பிரிக்கப் பென்குயின்களைப் பார்க்கத்தான் இந்தச் சவாரி. முனைக்கு அப்பால் திறந்த கடல். அலை பெரிதாக இருந்தால் படகை விரிகுடாவுக்குள்ளேயே திருப்பிவிடுவார்கள், இல்லையென்றால் சவாரியே ரத்து. அப்படி ஆனால் அன்றைக்குக் கோல்மன்ஸ்கோப் போய்விட்டு, படகை மறுநாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு நாளும் கடல் விடாவிட்டால், டயஸ் முனைப் பக்கம் சரளைச் சாலையில் காரில் போய் எதிர்க்கரையிலிருந்து பைனாகுலரில் பாருங்கள். தீவு கரைக்கு வெகு அருகில்தான். 1488இல் போர்ச்சுகீசிய மாலுமி பார்த்தலோமியு டயஸ் நட்ட கற்சிலுவையின் நகலும் அந்த முனையில்தான் நிற்கிறது.

கோல்மன்ஸ்கோப் ஊரிலிருந்து சுமார் 10 கி.மீ. 1956 வாக்கில் கடைசிக் குடும்பங்களும் வெளியேறிய வைர ஊர். படம் எடுக்கவென்றே போகிறவர்கள் புகைப்படச் சீட்டு வாங்க வேண்டும். சூரியன் உதிப்பதிலிருந்து மறையும் வரை அது செல்லும். சாய்ந்த வெளிச்சம் ஜன்னல் வழியாக அறைக்குள் விழுவது அந்த நேரங்களில்தான். வீடுகளுக்குள் கதவு நிலையின் பாதி வரை மணல் ஏறி, கதவு திறந்த கோணத்திலேயே இறுகிக் கிடக்கும். மணலுக்கு அடியில் தரைப்பலகை உளுத்திருக்கலாம். அறை நடுவே காலை வைக்காமல் சுவரோரமாக நடங்கள். உள்ளே லென்ஸ் மாற்றாதீர்கள். வழிகாட்டி இல்லாமல் சுற்றினால் ஐஸ் தொழிற்சாலையும் மருத்துவமனையும் வெறும் சுவர்களாகத்தான் தெரியும்.

ஜெர்மானியர் வைரத்தைக் கண்டுபிடித்ததாகக் கட்டுரை சொல்கிறது. அது தவறு. நாடு ஜெர்மன் காலனியாக இருந்த 1908இல் தண்டவாளத்திலிருந்து மணலை அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளி சக்கரியாஸ் லெவாலாதான் முதல் கல்லை எடுத்தவர். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் வேலை செய்த அனுபவத்தால் அது வைரம் என்று அவருக்குத் தெரிந்தது. அதைத் தன் மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டாவுக்கிடம் கொடுத்தார். ஸ்டாவுக் உரிமம் வாங்கிப் பெரும் பணக்காரர் ஆனார்.

அந்த ரயில் பாதைக்காக உழைத்துச் செத்தவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. துறைமுகத்திலிருந்து நடந்தே போகக்கூடிய ஷார்க் தீவில் 1905 முதல் 1907 வரை அந்நாட்டின் ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மன் படை முகாமில் அடைத்து வேலை வாங்கியது. குளிரிலும் பசியிலும் நோயிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாமா தலைவர் கொர்னேலியஸ் ஃபிரெடரிக்ஸ் 1907இல் அங்கேதான் இறந்தார். அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. நடந்தது இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு 2021இல் ஒப்புக்கொண்டது. இன்று அதே இடத்தில் சுற்றுலாப் பயணிகள் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். எங்களுக்கு இது பொறுக்கவில்லை.

ஊருக்குள் நுழையும் அன்றே பிற்பகலில் ஷார்க் தீவுக்குப் போய்விடலாம். உள்நாட்டு நகரமான கீட்மன்ஸ்ஹூப்பிலிருந்து வருகிறவர்கள் விடியலில் கிளம்பி, வழியில் உள்ள ஆவுஸில் பெட்ரோல் நிரப்பி, உச்சிப்பொழுதுக்குள் லூடரிட்ஸை எட்டப் பாருங்கள். கடைசிப் பகுதியில் காற்று சாலைக்குக் குறுக்கே மணலை வாரியடித்துக் கண்ணாடியையும் பெயின்ட்டையும் தேய்த்துவிடும். வாடகைக் கார் காப்பீடு பெரும்பாலும் இந்தச் சேதத்துக்குப் பணம் தராது. பாறை வளைவான போகன்ஃபெல்ஸுக்கும் ஆசைப்பட்டால் இன்னொரு நாள் கூட்டுங்கள். தடைசெய்யப்பட்ட பகுதி என்பதால் பாஸ்போர்ட் நகலைப் பல நாள் முன்பே அனுப்ப வேண்டும். அங்கே தரையில் கிடக்கும் கல் எதையும் கையால் தொடாதீர்கள். பட்டை தீட்டாத வைரத்தை வைத்திருப்பது அந்நாட்டில் குற்றம்.

பல ஒருநாள் சுற்றுலாத் திட்டங்களில் ஷார்க் தீவு இருப்பதில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன், அதைச் சேர்ப்பீர்களா, அங்கே நடந்ததைச் சொல்லத் தெரிந்த வழிகாட்டி வருவாரா என்று கேளுங்கள். இரண்டுக்கும் சரியான பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

இப்படிக்கு,
நமீபியாவுக்குக் குழுக்களை அழைத்துச் செல்லும் வாசகர்கள்,
சென்னை