மைக் செட் பேசும்போது பேட்டரியையும் பேசுங்கள்

ஆசிரியருக்கு,

தேரும் சப்பரமும் வரும் வீதியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் ஊர்வலம் விட வேண்டும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் நிற்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரமும் மைக் ஓட வேண்டும் என்றால் ஜெனரேட்டர் வேண்டும், இல்லையென்றால் பேட்டரி வேண்டும். சின்ன ஊர்களில் பேட்டரிதான். ஆனால் விழாக் கமிட்டியினர் மைக் செட் பேசும்போது எத்தனை குழாய் ஸ்பீக்கர், எத்தனை பெட்டி ஸ்பீக்கர், எத்தனை வாட் என்று கேட்பதோடு சரி. பேட்டரி எத்தனை ஏ.எச். (ஆம்பியர் அவர், அதாவது அதன் கொள்ளளவு), எத்தனை வருடப் பழசு, ஃபியூஸ் இருக்கிறதா என்று கேட்பவர்கள் அபூர்வம். பாதி வழியில் பாட்டு கரகரத்து நின்றால் மட்டும் செட்காரரைத் திட்டுகிறோம். வாடகைக்கு எடுப்பவர்களுக்கும், புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கும் பயன்படட்டும் என்று சில விவரங்களை எழுதுகிறேன்.

முதலில் இன்வெர்ட்டரை ஒதுக்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தூக்கி வண்டியில் வைத்து, அதில் ஆம்ப்ளிபயரின் 230 வோல்ட் பிளக்கைச் செருகுவதுதான் இப்போது பல இடங்களில் வழக்கம். 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, ஆம்ப்ளிபயருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் மறுபடியும் இறக்குவதால் பேட்டரியின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குவரை சூடாகவே போய்விடும். யாரும் பேசாமல் சும்மா இருக்கும் நேரத்திலும் இன்வெர்ட்டர் தன் பங்குக்கு ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். அது சைன் வேவ் வகையாக இல்லாமல் விலை குறைந்த சதுர அலை வகையாக இருந்தால் குழாயில் 'ங்' என்ற இரைச்சல் வேறு. பொதுக்கூட்டத்துக்கென்றே செய்யப்படும் ஆம்ப்ளிபயர்கள் பலவற்றின் பின்புறம் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு டிசி முனைகள் இருக்கும். சிறியவை 12 வோல்ட் கேட்கும், பெரியவை 24 கேட்கும். பேட்டரியை நேராக அங்கே கொடுப்பதுதான் முறை.

எவ்வளவு பெரிய பேட்டரி என்பதற்கு ஒரு கணக்கு. 60 வாட் ஆம்ப்ளிபயர் முழு வேகத்தில் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ஆனால் பேச்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இருப்பதால் சராசரி 3 முதல் 4 ஆம்பியர்தான் வரும். பாட்டு அப்படியில்லை. இன்றைய பக்திப் பாடல் பதிவுகளில் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒலியை அமுக்கி நிரப்பி வைத்திருக்கிறார்கள், அதனால் சராசரியே 6 ஆம்பியரைத் தாண்டும். 5 மணி நேரம் பாட்டு போட்டால் 30 ஏ.எச். செலவு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: 35 ஏ.எச். கார் பேட்டரி போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் ஏ.எச். என்பது பொதுவாக 20 மணி நேரக் கணக்கு. 100 ஏ.எச். என்றால் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் என்று பொருள். அதையே 20 ஆம்பியர் வீதம் இழுத்தால் 5 மணி நேரம் வராது, அதற்கு வெகு முன்பே படுத்துவிடும். ஈய அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுளும் போய்விடும். ஆக 30 ஏ.எச். செலவுக்கு 60 முதல் 75 ஏ.எச். வரை உள்ள பேட்டரி வைப்பதே நியாயம். சந்தேகம் இருந்தால், வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் வைத்து அளக்கலாம். டிசி ஆம்பியர் காட்டும் வகையா என்று பார்த்து வாங்குங்கள், மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பலவும் ஏசி மட்டுமே காட்டும்.

கார் பேட்டரியும் இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரியும் வெளியில் பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே வேறு. கார் பேட்டரியில் மெல்லிய தகடுகள். செல்ஃப் அடிக்கும் சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டு உடனே ஓடும் இன்ஜினிலிருந்து திரும்ப ஏற்றிக்கொள்வதற்காகச் செய்தது அது. மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் ஒரு சீசனிலேயே தகடு உதிர்ந்துவிடும். டியூபுலர் அந்த வேலையைத் தாங்கும், ஆனால் 150 ஏ.எச். பேட்டரி ஒன்று 50 கிலோவுக்கு மேல் கனக்கும். சப்பரத்தில் ஏற்றினால் ஆடாமல் கயிறு போட்டுக் கட்டி, பிளாஸ்டிக் தட்டில் வைக்க வேண்டும். அமிலம் சிந்துவது பட்டு வேட்டிக்கும் ஆகாது, தூக்குபவர் காலுக்கும் ஆகாது.

வயர் விஷயத்தில் நடக்கும் கோளாறுதான் அதிகம். பேட்டரியை ஓரமாக வைத்துவிட்டு, 10 மீட்டர் தள்ளி மேடையில் இருக்கும் ஆம்ப்ளிபயருக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்தால், போக வர 20 மீட்டர் செம்பு. 9 ஆம்பியர் ஓடும்போது அதில் மட்டும் மூன்றரை வோல்ட் விழும். பேட்டரியில் 12.4 இருந்தாலும் ஆம்ப்ளிபயருக்குக் கிடைப்பது 9 வோல்ட்தான். அப்போது தாளத்துக்குத் தாளம் ஆம்ப்ளிபயரின் விளக்கு மங்கும், உரத்த இடங்களில் ஒலி தட்டையாக வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பேட்டரி வீக் என்று நினைத்து வால்யூமை இன்னும் ஏற்றுவார்கள். வெட்டுப்பட்ட ஒலியைத் தொடர்ந்து ஏற்றினால் குழாயின் யூனிட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகும். பேட்டரியை ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்திலேயே, 2 மீட்டருக்குள் வைத்து 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் விழுவது 0.2 வோல்ட்கூட இல்லை.

தூரத்துக்குப் போக வேண்டியது ஸ்பீக்கர் வயர்தான். தூரத்துக் குழாய்களுக்காக ஆம்ப்ளிபயர் வோல்ட்டை உயர்த்தி அனுப்பும் 100 வோல்ட் லைனில் 60 வாட்டுக்கு 0.6 ஆம்பியர் மட்டுமே ஓடும் என்பதால், 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 100 மீட்டர் போனாலும் இழப்பு இரண்டரை சதவீதத்துக்குள்தான். ஒவ்வொரு குழாயிலும் இருக்கும் லைன் டிரான்ஸ்ஃபார்மரின் வாட்டைக் கூட்டினால் ஆம்ப்ளிபயரின் வாட்டைத் தாண்டக் கூடாது. 60 வாட்டுக்கு 15 வாட் குழாய் நான்கு, அவ்வளவுதான். "இன்னும் ஒன்றுதானே" என்று ஐந்தாவதைச் சொருகினால் கூடுதல் சுமை பேட்டரியின் தலையில்தான் விடியும். பேட்டரியில் ஓடுகிறதே, ஷாக் அடிக்காது என்றும் நினைக்க வேண்டாம். அந்த லைனில் பாட்டின் உச்சத்தில் 100 வோல்ட் வரை இருக்கும், ஈரக் கையால் முறுக்கி இணைப்பது ஆபத்து.

ஃபியூஸ் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 12 வோல்ட்தானே என்ற அலட்சியம் வேண்டாம். பேட்டரியின் இரண்டு முனைகளும் ஒட்டினால் பாய்வது நூற்றுக்கணக்கான ஆம்பியர், வயர் நொடியில் பழுத்துத் துணிப் பந்தலைப் பிடித்துக்கொள்ளும். ஆம்ப்ளிபயருக்குள் இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்ளிபயரைத்தான் காக்கும், இடையில் உள்ள வயரைக் காக்காது. எனவே பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் ஒன்று கட்டாயம். கார் உதிரிபாகக் கடையில் ஹோல்டரோடு கிடைக்கும், மைக் செட் சாமான்களிலேயே மலிவானது அதுதான். ஃபியூஸ் போனால் அதன்மேல் செம்புக் கம்பி சுற்றுவது என்ற கைவைத்தியம் கூடவே கூடாது. பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலான ஆம்ப்ளிபயர்களில் உள்ளே ஒரு டயோடு குறுக்கே நின்று ஃபியூஸைப் போக்கி மற்றதைக் காப்பாற்றும். கம்பி சுற்றியிருந்தால் டயோடு, டிரான்சிஸ்டர், போர்டு என்று வரிசையாகப் போகும்.

இன்னொரு கெட்ட பழக்கம், டிசி வயரின் முனையில் வீட்டு இரண்டு முள் பிளக்கை மாட்டி வைப்பது. அவசரத்தில் யாராவது அதைச் சுவரில் இருக்கும் 230 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தவறாகச் செருகவே முடியாத, மின்சார ஆட்டோக்களில் பயன்படுத்தும் தடித்த இரட்டை முனை கனெக்டர் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். முதலை கிளிப்பை நம்பினால் சப்பரம் குலுங்கும்போது கழன்று தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் ஈய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஆகவே சார்ஜரின் சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்ற வேண்டும், பீடி, சூடம் எல்லாம் தள்ளித்தான்.

24 வோல்ட்டுக்கு இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைப்பவர்கள் ஒரே வயது, ஒரே அளவு பேட்டரிகளாகப் போட வேண்டும். பல மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் மிக்சருக்கு 12 வோல்ட் வேண்டும் என்று அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் தனியாக எடுப்பார்கள். அந்தப் பேட்டரி மற்றதைவிட இறங்கிப்போகும். பிறகு இரண்டையும் சேர்த்து சார்ஜ் போடும்போது நிறைந்தது கொதிக்கும், குறைந்தது நிறையாது. சில மாதங்களில் இரண்டும் பாழ்.

கூம்பு வடிவக் குழாய்களுக்குப் பல இடங்களில் காவல் துறை அனுமதி தருவதில்லை, பெட்டி வைக்கச் சொல்கிறார்கள். காதுக்கு நல்லதுதான். ஆனால் பேட்டரிக் கணக்கு அப்படியே மாறிவிடும். ஒரு வாட் கொடுத்தால் குழாய் ஒரு மீட்டரில் 105 டெசிபலுக்கு மேல் கொடுக்கும், சாதாரணப் பெட்டி 90ஐ ஒட்டித்தான். 10 டெசிபல் கூட்டுவதற்கே 10 மடங்கு வாட் வேண்டும். குழாயின் சத்தத்தைப் பெட்டியில் கொண்டுவரப் பார்த்தால் எந்தப் பேட்டரியும் தாங்காது. மேடையில் இரண்டு பெரிய பெட்டிகளை அலறவிடாமல், கூட்டத்துக்கு நடுவே நான்கைந்து சிறிய பெட்டிகளைப் பிரித்து வையுங்கள். தூரம் பாதியானால் அதே சத்தத்துக்குக் கால்பங்கு வாட் போதும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் என்ற 2000ஆம் ஆண்டு விதியை மதிக்கவும் அதுவே வழி. இரவு 10 முதல் காலை 6 வரை நிறுத்த வேண்டும் என்பதால் பேட்டரிக்கும் ஓய்வு.

லித்தியம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இரும்பு பாஸ்பேட் வகை என்றால் தாராளமாக வாங்கலாம். 100 ஏ.எச். பேட்டரி 12 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், 80 சதவீதம் இறக்கினாலும் 2000 தடவைக்கு மேல் தாங்கும், கடைசிவரை வோல்ட் அதிகம் விழாது. ஆனால் அதற்கு 14.4 முதல் 14.6 வோல்ட் வரை கொடுக்கும் தனி சார்ஜர் வேண்டும். டியூபுலருக்கான பழைய சார்ஜரைப் போட்டால் வோல்ட் மிஞ்சி, உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் போர்டு இணைப்பைத் துண்டித்துவிடும், பேட்டரி செத்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேரும். பழைய லேப்டாப் செல்களைப் பிரித்துக் கட்டிய பேக்குகள் வேண்டாம். அவற்றில் இருக்கும் 18650 என்ற உருளை வடிவ செல் ஒன்றில் அதிகபட்சம் 3500 எம்.ஏ.எச். சுமாருக்கே இடம் உண்டு, 9900 என்று அச்சிட்டு விற்பது பச்சைப் பொய். சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் எந்த லித்தியத்தையும் வைக்காதீர்கள்.

செல்போனிலிருந்து பாட்டு போடும்போது வரும் 'வீய்ங்' ஓசைக்குக் காரணம், பெரும்பாலும் அந்தப் போனையும் அதே பேட்டரியிலிருந்து சார்ஜ் போடுவதுதான். சார்ஜரைப் பிடுங்கினால் ஓசை நின்றுவிடும். போனுக்குத் தனி பவர் பேங்க் வையுங்கள். கம்பியில்லா மைக்கின் ரிசீவரைப் பவர் பேங்கில் ஓட்டினால் வேறொரு தொல்லை: ரிசீவர் இழுப்பது மிகக் குறைவு என்பதால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் தானாக அணைந்துவிடும். விழாவுக்கு முந்தின நாளே அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

சீசன் முடிந்ததும் பேட்டரியைக் காலியாகவே மூலையில் போட்டுவிடுவதால்தான் அடுத்த வருடம் அது எழுந்திருப்பதில்லை. இறங்கிய நிலையில் கிடக்கும் ஈயத் தகட்டில் சல்பேட் கெட்டியாகிப் படிந்துவிடும். வேலை முடிந்த அன்றே ஏ.எச். அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் முழுதாக ஏற்றி, பிறகு மாதம் ஒருமுறை டாப் அப் செய்து, டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பார்த்து வைக்க வேண்டும்.

கமிட்டியினர் செய்ய வேண்டிய சோதனை ஐந்து நிமிட வேலைதான். சார்ஜர் கழற்றிச் சில மணி நேரம் ஆன பிறகு மல்டிமீட்டரில் 12.6க்கு மேல் காட்ட வேண்டும். பிறகு ஊர்வலத்தில் போடப்போகும் அதே பாட்டை, அதே வால்யூமில், எல்லாப் பெட்டிகளும் இணைந்திருக்க ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பேட்டரியிலும் ஆம்ப்ளிபயர் முனையிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரை மாற்றச் சொல்லுங்கள். பேட்டரியிலேயே 11.8க்குக் கீழே போனால் வேறு பேட்டரி கொண்டுவரச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிபெருக்கி பழுதுபார்ப்பவர்,
கோவில்பட்டி