பங்கு சமம்தான், முறை எப்போது வரும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயங்குதளங்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, எல்லா நிரல்களுக்கும் ப்ராசஸரின் நேரத்தைச் சமமாகப் பகிர்ந்தளிப்பதே நல்ல ஷெட்யூலருக்கு (எந்த நிரல் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் பகுதிக்கு) அழகு என்று முடிந்திருந்தது. நெடுநாளாக லினக்ஸ் இயங்குதளம் கற்பித்து வரும் என்னால் அதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது.

ஒரே கோர் (ஒரு நேரத்தில் ஒரு நிரலை ஓட்டும் ப்ராசஸர் அலகு) கொண்ட கணினியில் எட்டு கம்பைலர்கள் (எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் நிரல்கள்) ஓய்வின்றி ஓடுகையில், ஒருவர் வீடியோ பார்ப்பதாகக் கொள்வோம். விநாடிக்கு 60 ஃபிரேம்கள், ஒவ்வொன்றுக்கும் 3 மில்லி விநாடி உழைப்பு என்றால், வீடியோவுக்குத் தேவை 18 சதவீதம். ஒன்பதில் ஒரு பங்காக அதற்குக் கிடைப்பதோ 11 சதவீதம். எவருக்கும் ஓரவஞ்சனை இல்லை, ஆனாலும் படம் திக்கித் திக்கி ஓடும்.

2003 இறுதியில் வந்த லினக்ஸ் 2.6, அதிகம் தூங்கி எழும் நிரலே மனிதருக்காகக் காத்திருக்கும் நிரல் என்று ஊகித்து அதற்குச் சலுகை தந்தது. ஊகம் தவறும்போதெல்லாம் தகுதியற்ற நிரல்களும் அந்தச் சலுகையை அனுபவித்தன. ஊகமே வேண்டாம், நேர்மையான பங்கீடே போதும் என்று 2007-இல் எழுதிக் காட்டியவர் கான் கொலிவாஸ் என்ற ஆஸ்திரேலிய மயக்கவியல் மருத்துவர் (மனிதரை மயக்குவது தொழிலாக இருந்தும், கணினி மயங்குவதை அவரால் பொறுக்க முடியவில்லை போலும்). அதே ஆண்டு அக்டோபரில் 2.6.23 கெர்னலுடன் (லினக்ஸின் மையப் பகுதியுடன்) வெளிவந்தது இங்கோ மோல்னார் எழுதிய சி.எஃப்.எஸ். என்ற ஷெட்யூலர். இதுவரை மிகக் குறைவாக ஓடிய நிரல் எதுவோ அதற்கே அடுத்த வாய்ப்பு என்பது அதன் அடிப்படை விதி. கொலிவாஸ் கெர்னல் பணியிலிருந்து விலகிப்போய், 2009-இல் பி.எஃப்.எஸ். என்ற தனி ஷெட்யூலருடன் திரும்பினார்.

ஆனால் சமபங்கு என்றால் யாருக்கும் யாருக்கும் இடையே என்ற கேள்வி அப்படியே நின்றது. ஊர்த் திருவிழாவில் ஆளை எண்ணாமல் தலைக்கட்டை எண்ணிப் பங்கு பிரிப்பதுபோல, ஒரு டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) தொடங்கிய நிரல்கள் அத்தனையையும் ஒரே குடும்பமாகக் கணக்கிடும் ஏற்பாட்டை மைக் கால்பிரைத் எழுத, 2011 மார்ச்சில் 2.6.38 அதை ஏற்றது. எட்டு கம்பைலர்களுக்கும் சேர்த்து ஒரு பங்கு, வீடியோவுக்கு ஒரு பங்கு என்று ஆனதும் மேற்சொன்ன சிக்கல் தீர்கிறது. வேறு டெர்மினலில் ஓடும் நிரலுக்கு விட்டுக்கொடுக்கட்டும் என்று ஒரு நிரலின் ‘நைஸ்’ எண்ணை (இது கூடக் கூட முன்னுரிமை குறையும்) உயர்த்தினால் அது பலிக்காது என்பது இதில் உள்ள குறை. நைஸ் அந்தந்தக் குடும்பத்துக்குள்தான் செல்லும். இதை அறியாமல் குழம்பிய மாணவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கட்டுரையாளர் கவனிக்கத் தவறியது இதைவிட முக்கியமானது: எவ்வளவு என்பது ஒன்று, எப்போது என்பது வேறொன்று. மவுஸ் அசைவைக் கையாள ஒரு மில்லி விநாடி உழைப்புகூடத் தேவையில்லை. ஆனால் பத்து நிரல்கள் தலைக்கு 3 மில்லி விநாடி எடுத்து முடிக்கும்வரை காத்திருந்தால், 30 மில்லி விநாடி போய்விடும். கல்யாண வீட்டில் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் இலையில் விழுவது அதே சாப்பாடுதான் என்றாலும், பேருந்தைப் பிடிக்க வேண்டியவரை முதல் பந்தியில் உட்கார வைப்பதில்லையா? 1995-இல் ஆய்வாளர்கள் ஸ்டோய்காவும் அப்தெல்-வஹாபும் வகுத்த இ.இ.வி.டி.எஃப். முறை ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. தன் பங்குக்கு மேல் ஓடிவிட்ட நிரலை அது காத்திருக்க வைக்கிறது. மற்றவற்றுள் குறுகிய நேரத் துண்டு கேட்கும் நிரலுக்கு முன்னதாகவே கெடு குறிப்பதால், மொத்தப் பங்கு கூடாமலேயே அதன் முறை சீக்கிரம் வருகிறது. பீட்டர் ஜில்ஸ்ட்ராவின் முயற்சியால் 2023-இல் இது 6.6 கெர்னலில் சேர்ந்தது. நிரலே தன் துண்டின் அளவைக் கேட்டுப் பெறும் வசதி 2024 நவம்பரில் வந்த 6.12-இல் கிடைத்தது.

இதற்கு விலையும் உண்டு. துண்டுகள் சிறுக்கச் சிறுக்க, நிரல் மாற்றுவதிலும் கேஷை (ப்ராசஸரின் அதிவேக நினைவகத்தை) மறுபடி நிரப்புவதிலும் நேரம் கரையும். சர்வர் நடத்துபவர் நீண்ட துண்டுகளை விரும்புவதில் தவறே இல்லை. விண்டோஸின் மேசைக்கணினிப் பதிப்பு இயல்பாக ஒரு நிரலுக்கு 2 கடிகாரத் துடிப்புகளையும், சர்வர் பதிப்பு 12 துடிப்புகளையும் தருவது இதனால்தான். கட்டுரையின் அடுத்த பகுதியில் இந்த வேறுபாட்டுக்கும் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
திருநெல்வேலி.