திருப்பத்தூருக்கு வரவேண்டிய சாமான்கள் திருப்பத்தூருக்கே போனது பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
வீட்டுச் சாமான் போக்குவரத்துப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: 15.10.2025

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பாளையங்கோட்டைக் கிளையில் அக்டோபர் 4, சனிக்கிழமை காலை நான் பதிவு செய்த 14 பொதிகளையும் ஒரு பைக்கையும் பற்றி எழுதுகிறேன். எல்.ஆர். (லாரி ரசீது) நகல் இணைத்திருக்கிறேன். அந்த எண்ணை இந்தப் பத்து நாளில் உங்கள் ஆட்களிடம் எத்தனை தடவை ஒப்பித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இப்போது சொல்லிவிடுவேன்.

எனக்கு வயது 25. மிஷனெரியாக ஊழியம் செய்கிறேன். இரண்டு வருடம் ஒரு மூத்த ஊழியரோடு தெற்கே இருந்தேன். இந்த மாதம் முதல்முறையாகத் தனியாக ஒரு பணித்தளம் கொடுத்தார்கள். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சிற்றூர். மாவட்டம் திருப்பத்தூர். இதை உங்கள் படிவத்தில் மாவட்டம், வட்டம், அஞ்சல் எண் என்று மூன்று கட்டத்திலும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். கிளையில் இருந்த தம்பி என் கண் முன்னால்தான் அதைக் கணினியில் ஏற்றினார். "திங்கட்கிழமை வீட்டு வாசல்ல இருக்கும் அண்ணே" என்றும் சொன்னார். நான் எடுத்தது வாசல் முதல் வாசல் வரை திட்டம். அதில் என்னென்ன அடங்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரூ.9,600 அப்போதே கட்டிவிட்டேன்.

அன்று இரவே பஸ் ஏறி ஞாயிறு வந்து சேர்ந்தேன். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை. திங்கள் வந்தது, சாமான் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. தீபாவளி நேரம், வண்டி கிடைக்கவில்லை என்றார்கள். சரி, பண்டிகைக் காலம், நியாயம்தான் என்று பொறுத்துக்கொண்டேன். இதுவரை எனக்கு வருத்தமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை நடந்ததற்குத்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய் இரவு உங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: சரக்கு திருப்பத்தூர் கிடங்குக்கு வந்துவிட்டது, நேரில் வந்தால் உடனே எடுத்துக்கொள்ளலாம். வாசலுக்குக் கொண்டுவருகிறோம் என்று காசு வாங்கியவர்கள் ஏன் என்னைக் கீழே இறங்கி வரச் சொல்கிறார்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சாமான் வந்த சந்தோஷம். புதன் விடிகாலை கிளம்பி, மலை இறங்கி, 10 மணிக்கு உங்கள் கிடங்கு வாசலில் நின்றேன். காவலர் "உள்ள கேளுங்க" என்றார். உள்ளே இருந்தவர் "லோடு இறங்கட்டும், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். இரண்டு லாரி வந்தது, இரண்டும் இறங்கியது, நான் உட்கார்ந்தே இருந்தேன். மதியம் இரண்டரைக்கு, மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் பரிதாபப்பட்டு என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இது நம்ம ஊர் இல்லப்பா. பிள்ளையார்பட்டி பக்கத்துல ஒரு திருப்பத்தூர் இருக்கு பாரு, அங்க கெடக்கு உன் சாமான்" என்றார். நாலரை மணி நேரம் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாத விஷயம் மூட்டை தூக்குகிறவருக்கு அரை நிமிடத்தில் தெரிந்தது. அவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள்.

ஐயா, சிவகங்கை மாவட்டத்தில் ஒரு திருப்பத்தூர் இருப்பது எனக்கும் தெரியும். 1801ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர், பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். இந்தத் திருப்பத்தூர் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2019 நவம்பரில். எங்களைப் போன்றவர்களுக்கு இது அதற்கு வெகு முன்பே பழக்கமான பெயர். 1921ல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவே 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒன்றின் அஞ்சல் எண் 635ல் தொடங்குகிறது, இன்னொன்று 630ல். ஊர் தெரியாத ஒருவர் குழம்பினால் குற்றமில்லை. ஊர் ஊராகச் சாமான் கொண்டுபோவதே பிழைப்பாக வைத்திருக்கிற நீங்கள் குழம்பலாமா?

அங்கிருந்தே உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்று 22 நிமிடம் இயந்திரம் சொன்னது. அப்புறம் மனிதர் வந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. அன்று பிற்பகல் 3 மணி அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும், எடுத்துக் கேளுங்கள். அவர் சொன்னது: "திருப்பத்தூர்னுதான சார் போட்ருக்கீங்க, திருப்பத்தூர்லதான சார் இருக்கு?"

நான் சத்தம் போடவில்லை. புது ஊர், குளிர், போர்வைகூட லோடில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனை, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு ஆரம்பிக்க வேண்டும், நான் மிஷனெரி வேலையில் இருக்கிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அதற்கு அவர், "அப்ப நீங்கதான் ஜெபம் பண்றவராச்சே. ஜெபம் பண்ணுங்க சார், வந்துரும்" என்றார். பின்னால் யாரோ சிரிப்பதும் கேட்டது.

சூரியன் அடங்குவதற்குள் கோபம் அடங்கிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். அந்தப் புதனுக்குப் பிறகு ஏழு சூரியன் அடங்கிவிட்டது. அன்று மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. திருப்பத்தூர் பஸ் நிலையத்து பெஞ்சில்தான் இரவு. அந்த பெஞ்சில் நான் ஜெபம் பண்ணவில்லை என்பதை உங்கள் ஊழியருக்குத் தெரிவித்துவிடுங்கள். அவர் சொன்ன வாக்கியத்தைத்தான் விடியும்வரை திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை புதுக் காரணம் வந்தது: இ-வே பில் (சரக்கு கொண்டுபோக எடுக்கும் ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) இல்லாததால் சரக்கை நகர்த்த முடியாதாம். எங்கள் சபையில் ஒரு அண்ணன் இருபது வருடமாக லாரி ஆபீஸில் இருக்கிறார். அவரைக் கேட்டேன். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில்லே தேவையில்லை என்றார். இது உங்களுக்குத் தெரியாதா, அல்லது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? இதை நான் திருப்பிச் சொன்னதும் வெள்ளிக்கிழமை அந்தக் காரணம் காணாமல் போனது. அதற்குப் பதிலாக மலைப்பகுதிக் கட்டணம் என்று ரூ.4,200 முளைத்தது. படிவத்தில் ஜவ்வாது மலை என்று எழுதித்தானே ரூ.9,600 வாங்கினீர்கள்? இடையில் மலை வளர்ந்துவிட்டதா? வேறு வழியில்லாமல் அனுப்பினேன். ரசீதை வண்டிக்காரர் தருவார் என்றார்கள். வண்டிக்காரரோ, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

நான் உங்களோடு பேசிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் சிக்னல் வீட்டுக்குள் கிடைக்காது. ஊருக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். வந்த முதல் வாரத்தில் ஒவ்வொரு வீடாகப் போய் முகம் பார்த்துப் பேச வேண்டியவன், பாறை மேல் நின்று எல்.ஆர். எண்ணைக் கத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கீழே நின்று வேடிக்கை பார்த்தார்கள். இப்போது என்னைக் கண்டால் அந்த எண்ணின் முதல் நாலு இலக்கத்தைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் எனக்கு முதலில் கிடைத்த பெயர் உங்கள் எல்.ஆர். எண்.

12ஆம் தேதி ஞாயிறு, முதல் ஆராதனைக்கு, பக்கத்து வீட்டு அண்ணனின் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டேன். அவர் என்னைப்போல் ஒன்றரை மடங்கு. கையை மூன்று மடிப்பு மடித்தும் முழங்கை தெரியவில்லை. அவர் வீட்டு அக்காதான் முதல் நாளிலிருந்து கம்பளியும் பாயும் கொடுத்து, சாமைச் சோறும் போட்டார். யாரென்றே தெரியாத எனக்கு அவர்கள் செய்தது இது. காசு வாங்கிய நீங்கள் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

13ஆம் தேதி, திங்கட்கிழமை மாலை வண்டி வந்தது. குட்டியானை. எங்கள் ஊருக்குத் திரும்பும் மண்பாதை முனையிலேயே ஓட்டுநர் நிறுத்திவிட்டார், மழைச் சேற்றில் இறக்க மாட்டேன் என்று. அவர்மேல் தப்பில்லை, பாதை அப்படித்தான். ஆனால் கூட ஒரு ஆளைக்கூட நீங்கள் அனுப்பவில்லை. ஊரிலிருந்து ஒன்பது பேர் வந்து இரண்டு கிலோமீட்டர் தலைச்சுமையாகத் தூக்கினார்கள். இரும்புக் கட்டிலைத் தூக்கி வந்த ஒரு தாத்தா, "இதுக்கா சாமி காசு குடுத்தே?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா?

இனி சேதம். பைக்கின் முன் பிரேக் லீவர் வளைந்திருக்கிறது, ஒரு கண்ணாடி இல்லவே இல்லை. கீபோர்டில் ஏழு கட்டை பேசவில்லை. ஞாயிறு பள்ளிப் புத்தகப் பெட்டி நனைந்து, தாள் எல்லாம் ஒட்டி ஒரே கட்டையாகிவிட்டது. 14ல் 13 பொதிதான் வந்திருக்கிறது, 9ஆம் எண் பொதி இல்லை. இதற்கெல்லாம் விலை போடலாம். ஆனால் நான் இழந்த வாரத்துக்கு என்ன விலை போடுவீர்கள்? புது இடத்தில் முதல் வாரம் போனால் ஒரு வருடம் போன மாதிரி. என் ஊழியத்தையே அடியோடு சாய்த்துவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன். கொஞ்சம் கூட்டிச் சொல்வதாக உங்களுக்குத் தோன்றினால், அந்த பெஞ்சில் ஒரு இரவு படுத்துவிட்டு வந்து பேசுங்கள்.

தயவுசெய்து 15 நாளுக்குள் கீழ்க்கண்டதைச் செய்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் ரூ.9,600, ரசீதில்லாமல் வாங்கிய ரூ.4,200 இரண்டையும் திருப்பித் தர வேண்டும். பைக், கீபோர்டு, புத்தகங்களுக்கு ரூ.21,500, பட்டியல் தனியே இருக்கிறது. 9ஆம் பொதி வந்து சேர வேண்டும். மன உளைச்சலுக்கு ரூ.2,00,000. இதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டேன். அந்தப் புதன்கிழமை அழைப்பில் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் மட்டும் கடைசியாகச் சொன்ன தொகையைப் பற்றி யோசிக்கலாம். அவர் வேலை போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரை ஒரு வாரம் கிடங்கில் அந்தப் பெரியவரோடு மூட்டை இறக்கப் போட்டால் போதும், ஊர்ப் பெயர்களாவது தெரியவரும்.

நடக்காவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், உங்கள் சென்னை அலுவலகத்தைத் தேடி நான் வர வேண்டியதில்லை. நீங்கள்தான் திருப்பத்தூர் வர வேண்டும். எந்தத் திருப்பத்தூர் என்று சரியாகப் பார்த்து ஏறுங்கள். சேதத்துக்கு 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறதாம், லாரி ஆபீஸ் அண்ணன்தான் சொன்னார். இந்தக் கடிதத்தையே அந்த நோட்டீஸாக வைத்துக்கொள்ளவும். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். எழுதியதில் எதையும் திரும்பப் பெறவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பி.கு. 9ஆம் பொதியில் இருப்பது கேரம் போர்டும் நாற்பது வண்ணப் பென்சில் பெட்டிகளும். பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், தினமும் கேட்கிறார்கள். அது எங்கே என்று தெரிந்தால் மாலை 5 முதல் 6 மணிக்குள் அழைக்கவும். அந்த நேரத்தில்தான் பாறை மேல் இருப்பேன்.